அக்னி நட்சத்திரம் என்று ஏன் சொல்கிறோம்?

கத்திரி வெயில், அக்னி நட்சத்திரம் இரண்டும் ஒன்றுதான்: சித்திரைக் கடைசியும் வைகாசித் தொடக்கமுமாக, ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை வரும் நாட்கள். பஞ்சாங்கக் கணக்கில் சூரியன் பரணி நட்சத்திரத்தின் 3ஆம் பாதத்தில் (பாதம் என்பது நான்கில் ஒரு பங்கு) தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தை முடிக்கும் காலம் இது. நடுவில் உள்ள கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி. பெயர் வந்த வழி அதுதான்.

வெயிலுக்குக் காரணம் வேறு. சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வருவது ஏப்ரல் கடைசி வாரத்திலேயே. அன்று நண்பகலில் கொடிக்கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஆனால் அடுப்பைப் பற்றவைத்த உடனே தோசைக்கல் காய்ந்துவிடுமா? நிலமும் அப்படித்தான், மெல்ல மெல்லச் சூடேறி மே மாதத்தில் கொதிக்கிறது. ஆகஸ்டிலும் சூரியன் ஒருமுறை தலைக்கு மேல் வரும். அப்போது மேகமும் மழையும் காப்பாற்றிவிடுகின்றன. (நடுவில் கோடைமழை கொட்டி, கத்திரியே குளிர்ந்துபோகும் ஆண்டுகளும் உண்டு. பஞ்சாங்கம் அதற்குப் பொறுப்பில்லை!)

கார்த்திகை நட்சத்திரம் கிட்டே வந்து சுடுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது 400 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிற கூட்டம், அந்த நாட்களில் சூரிய வெளிச்சத்தில் மறைந்து கண்ணுக்கே தெரியாது.