மூன்றாவது ஆள் பாடினால் குற்றம்

கேள்வி: இங்கிலாந்தில் பப்களில் பாடுவதற்கு லைசென்ஸ் கேட்ட சட்டத்தை எதிர்த்து இசைக்கலைஞர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள் என்று படித்தேன். எங்கள் தெருக் கோயிலில் மைக் செட் கட்டினால் மூன்று நாள் தூக்கம் போகிறது. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு பாடுவதில் இவர்களுக்கு என்ன கஷ்டம்? கலைஞன் என்றால் சட்டத்துக்கு மேலா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தூக்கம் கெட்ட கோபத்தில் கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான், ஆனால் ஆள் மாறிவிட்டது. நீங்கள் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அவர்கள் எதிர்த்த சட்டம் சத்தத்தை அளக்கவே இல்லை, தலையை எண்ணியது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1964ஆம் ஆண்டு மதுக்கடைச் சட்டத்தின் 182ஆம் பிரிவு சொன்னது இவ்வளவுதான்: பப்பில் ஒருவரோ இருவரோ பாடி, வாசித்தால் தனி அனுமதி வேண்டாம். மூன்றாவது ஆள் சேர்ந்தால் உள்ளாட்சி மன்றத்திடம் பொழுதுபோக்கு லைசென்ஸ் வாங்கவேண்டும். கட்டணம் அந்தந்த மன்றத்தின் இஷ்டம். சில ஊர்களில் நூற்றுக்கணக்கான பவுண்டு, சில ஊர்களில் ஆயிரக்கணக்கில். வாரத்துக்கு ஒரு நாள் நாலு பேரை உட்காரவைத்துப் பாடச்சொல்லும் சின்னக் கடைக்காரர் அந்தக் காசைப் பீர் விற்று எடுக்க முடியாது. பாட்டை நிறுத்திவிடுவார்.

விதி நடைமுறையில் எப்படி இருந்தது என்று பாருங்கள். இரண்டு பேர் எலெக்ட்ரிக் கிதாரை ஆளுயர ஸ்பீக்கரில் சொருகி ஜன்னல் கண்ணாடி அதிர வாசிக்கலாம், தப்பில்லை. மூன்று கிழவர்கள் மைக் இல்லாமல் வயலினும் புல்லாங்குழலுமாக மூலையில் உட்கார்ந்து வாசித்தால் குற்றம். இசைத்தட்டு எவ்வளவு சத்தமாக ஓடினாலும் இந்த லைசென்ஸ் கேட்கமாட்டார்கள். ஆளுக்கு ஒரு பாட்டு எடுத்துவிடும் நாட்டுப்புறப் பாட்டு வட்டங்கள் அந்த நாட்டு பப்களின் பழைய வழக்கம். அங்கே பாடகர் யார், பீர் குடிக்க வந்தவர் யார் என்று எந்த அதிகாரி பிரிப்பார்?

2002 நவம்பரில் டோனி பிளேர் அரசு புதிய மசோதா கொண்டுவந்தது. எல்லாம் எளிமையாகும், மதுவுக்கும் பாட்டுக்கும் ஒரே லைசென்ஸ், கூடுதல் கட்டணம் இல்லை என்றார்கள். அந்த வாக்குறுதி முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். கட்டணத் தொல்லை குறைந்தது. ஆனால் இரண்டு பேர் சலுகையைத் தூக்கிவிட்டார்கள். இனி ஒற்றை ஆள் கிதாரோடு வந்தாலும் விண்ணப்பத்தில் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் போலீஸ், தீயணைப்புத் துறை, சுகாதார அதிகாரி, அக்கம்பக்கத்தார் என்று ஆளாளுக்கு ஆட்சேபம் எழுப்பலாம், மன்றம் நிபந்தனை போடலாம். சொல்லாமல் நடத்தினால் 20,000 பவுண்டு வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இசைக்கலைஞர் சங்கம் கொதித்தது. மேலவையில் அரசு பலமுறை தோற்றது. நாடாளுமன்றத்தில் பேரம் நடந்ததற்குச் சாட்சியாக, 2003 ஜூலையில் நிறைவேறிய சட்டத்தின் முதல் அட்டவணையை இன்றும் படிக்கலாம். அலுப்பான ஆவணம்தான், ஆனால் சிரிப்புக்குக் குறைவில்லை. காலில் மணி கட்டி ஆடும் மாரிஸ் நடனத்துக்கு, மைக் வைக்காத பக்கவாத்தியத்தோடு, விலக்கு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குள் பாடினால் விலக்கு. வண்டி நின்றுவிட்டால் சட்டம் ஏறிக்கொள்ளும். எல்லாவற்றையும் மிஞ்சியது டெலிவிஷன் விலக்கு. பெரிய திரையில் கால்பந்துப் பந்தயம் போட்டு, இருநூறு பேர் கோல் விழும்போதெல்லாம் கூரை பெயரக் கத்தினாலும் பொழுதுபோக்கு லைசென்ஸ் வேண்டாம். அதே இடத்தில் ஒரு பெண் தனியாக ஒரு தாலாட்டுக் கச்சேரி வைத்தால் வேண்டும் என்றது அன்றைய சட்டம்.

சத்தம்தான் கவலை என்றால் இப்படி ஒரு சட்டத்தை யாராவது எழுதுவார்களா? சத்தத்துக்கு அங்கே தனியாக 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. தொல்லை என்றால் மன்றமே நிறுத்தச்சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். பக்கத்திலேயே ஸ்காட்லாந்தில், பப் திறந்திருக்கும் வழக்கமான நேரத்தில் பாடத் தனி அனுமதி தேவைப்படவில்லை. அதனால் எடின்பரோ நகரம் தூக்கமில்லாமல் செத்துப்போகவில்லை.

பிறகு ஏன் எழுதினார்கள்? பாதி அலட்சியம் என்பது என் கணிப்பு. இந்த மசோதாவைக் கீழவையில் நகர்த்திய அமைச்சர் கிம் ஹவல்ஸ், சாமர்செட் நாட்டுப்புறப் பாடகர் மூன்று பேரைக் கேட்பது தன்னைப்போன்ற நகரத்தானுக்கு நரகம் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னவர். அவர் ரசனை அவருக்கு. ஆனால் அப்படிப்பட்டவரிடம் மூன்றாவது பாடகரின் பிழைப்பு போய் மாட்டினால் என்ன ஆகும்?

மீதிப் பாதி அலட்சியம் அல்ல, சந்தேகம். அதற்கு நியூயார்க்கைப் பார்க்கவேண்டும். 1926இல் அந்த நகரம், மது விடுதிகளில் பாட்டும் ஆட்டமும் வைக்க லைசென்ஸ் கேட்கும் காபரே சட்டம் கொண்டுவந்தது. கறுப்பர்களின் ஜாஸ் விடுதிகளில் எல்லா நிறத்தாரும் கலந்து ஆடியது பலர் கண்ணை உறுத்திய காலம். பின்னால் ஒரு தளர்வு செய்தார்கள்: பியானோ, தந்தி வாத்தியங்கள் என்றால் மூன்று பேர் வரை லைசென்ஸ் இல்லாமல் வாசிக்கலாம். சாக்ஸபோன், டிரம்பெட், டிரம்ஸ் என்றால் கூடாது. நம் ஊருக்கு அப்படியே பெயர்த்தால் வீணைக்குச் சரி, நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பறைக்கும் தடை! யாரைக் குறிவைத்த சட்டம் என்பதை வாத்தியப் பட்டியலே சொல்லிவிடுகிறது. வாசிப்பவர்கள் போலீஸிடம் கைரேகை பதிந்து அட்டை வேறு வாங்கவேண்டும். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேவும் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்கும் அந்த அட்டை பறிக்கப்பட்டு வருடக்கணக்கில் நியூயார்க் மது விடுதிகளில் பாடவோ வாசிக்கவோ முடியாமல் கிடந்தார்கள். அட்டை 1967இல் ஒழிந்தது. வாத்தியக் கணக்கை இசைக்கலைஞர்கள் வழக்குப் போட்டு 1980களில் உடைத்தார்கள். ஆட்டத்துக்கான தடை 2017 வரை இருந்தது.

இதெல்லாம் பழங்கதை என்பீர்களானால், லண்டன் போலீஸின் படிவம் 696 இந்த நூற்றாண்டைச் சேர்ந்தது. விடுதி நடத்துபவர் பாடுகிறவர்களின் பெயர், முகவரி, பிறந்த தேதி, தொலைபேசி எண் எல்லாம் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். என்ன வகை இசை என்ற கேள்விக்குப் பக்கத்தில் உதாரணமாகக் கொடுத்திருந்தவை பாஷ்மென்ட், ஆர் அண்ட் பி, கராஜ். மூன்றும் கறுப்பு இளைஞர்கள் கேட்பவை. வரப்போகிற ரசிகர்கள் எந்த இனத்தவர் என்றும் ஒரு கேள்வி! அண்டர்டோன்ஸ் குழுவின் முன்னாள் பாடகர் ஃபியர்கல் ஷார்க்கி உள்ளிட்டவர்கள் கிழித்துத் தொங்கவிட்ட பிறகு இனக் கேள்வியை எடுத்தார்கள். படிவம் முழுதாக ஒழிந்தது 2017 நவம்பரில்தான்.

பப் சட்டத்துக்கு வருகிறேன். போராட்டம் என்றதும் ஊர்வலத்தைக் கற்பனை செய்யாதீர்கள். பெரும்பகுதி காகித வேலை. ஹேமிஷ் பர்ச்சல் என்ற டிரம்ஸ் கலைஞர் சட்டத்தின் உட்பிரிவுகளை வக்கீலைவிட நன்றாகப் படித்துவைத்துக்கொண்டு அமைச்சகத்தை விடாமல் கேள்வி கேட்டார். 2009இல் கீழவையின் கலாசாரக் குழுவே சின்ன இடங்களுக்கு விலக்கு கொடுங்கள் என்றது. கடைசியில் லிபரல் டெமாக்ரட் மேலவை உறுப்பினர் கிளெமென்ட்-ஜோன்ஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2012 மார்ச்சில் சட்டமாகி, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காலை 8 முதல் இரவு 11 வரை, மைக் இல்லாத இசைக்கு எங்கும் லைசென்ஸ் வேண்டாம். மது லைசென்ஸ் உள்ள இடத்தில், 200 பேர் வரை கூடினால் மைக் வைத்தாலும் வேண்டாம். 2015இல் இந்த 200 என்பது 500 ஆனது.

சட்டத்துக்கு மேலா என்று கேட்டீர்களே, இரவு 11 மணிக்கு மேல் லைசென்ஸ் வாங்கச் சம்மதித்தவர்கள் எப்படி மேலே ஆவார்கள்? அந்த 2012 சட்டத்திலேயே, தொல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் மனுக் கொடுத்தால் அந்த பப்பின் லைசென்ஸை மறுபரிசீலனை செய்து பாட்டுக்கு மறுபடி நிபந்தனை போட வழி இருக்கிறது. தப்பு செய்தபின் பிடி, பாடுவதற்கு முன்பே பிடிக்காதே என்பதுதான் அவர்கள் கேட்டது. நம் ஊரிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. 1876இல் வெள்ளைக்காரன் போட்ட நாடகச் சட்டத்தின் வாரிசாக 1954இல் சென்னை மாநிலம் ஒன்று போட்டுக்கொண்டது. பிரதியைப் போலீஸிடம் காட்டி அனுமதி வாங்கிவிட்டு மேடையேறு என்ற அந்த ஏற்பாட்டை எதிர்த்துப் பத்திரிகையாளர் ஞாநி உயர் நீதிமன்றம் போனார். 2013இல் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இந்தத் தீர்ப்புக்காக நாம் ஏன் அறுபது வருடம் காத்திருந்தோம் என்பது தனிக் கேள்வி. யாராவது எழுதிக் கேளுங்கள்.

உங்கள் தூக்கத்துக்கு வழி: 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருடத்தில் மொத்தம் 15 நாளுக்கு மிகாமல். 12 தாண்டினால் தயங்காமல் காவல் நிலையத்துக்குப் போன் போடுங்கள். போடும்முன் ஒருமுறை பந்தல் பக்கம் எட்டிப்பாருங்கள். அந்த நேரத்தில் அங்கே பெரும்பாலும் எந்தப் பாடகரும் இருக்கமாட்டார், ஆம்ப்ளிஃபயரில் சொருகிய பென் டிரைவ்தான் இருக்கும்.