முழங்கால் தேய்மானமும் ரத்த அழுத்தமும் இருந்தால் சிகோங் பழகலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். முழங்காலில் தேய்மானம் இருக்கிறது. சிங்கப்பூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, காலை வேளையில் சீன முதியவர்கள் நிதானமாகக் கைகளை உயர்த்தித் தாழ்த்திச் செய்த சிகோங் பயிற்சி என்னைக் கவர்ந்தது. நம் போதிதர்மர் சீனர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அது என்கிறார்கள். வீடியோ பார்த்து நானே பழகலாமா? பழகினால் மாத்திரையை நிறுத்திவிட முடியுமா?

பதில்: பழகலாம். ஆனால் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுங்கள். சிகோங் ரத்த அழுத்தத்தை ஓரளவு குறைப்பதாகச் சீனாவில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பல, சிறு குழுக்களை வைத்துச் செய்யப்பட்டவை. பலவற்றில் நோயாளிகள் மருந்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆய்வுகளை நம்பி மருந்தைக் கைவிட இடமில்லை. சில மாதப் பயிற்சிக்குப் பின் அழுத்தம் குறைந்து வந்தால், வீட்டில் அளந்து குறித்த கணக்கை மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பது அவர் முடிவு.

உங்களைப் போன்றவர்களின் உபாதைகளுக்காகவும் இந்தக் கலை வளர்ந்தது. சீனாவின் ஹூனான் மாநிலத்தில், சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துயி என்ற இடத்தில் 1973இல் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். கி.மு. 168இல் மூடப்பட்ட அந்தக் கல்லறையில் ஓவியம் தீட்டிய பட்டுத்துணி ஒன்று கிடைத்தது. அதில் வரிசைக்குப் பதினொன்றாக, நான்கு வரிசைகளில் 44 உருவங்கள். ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர் எனப் பலரும் குனிந்தும் நிமிர்ந்தும் கைகளை விரித்தும் பயிற்சி செய்கிறார்கள். சில உருவங்களின் அருகில் அந்த அசைவு எந்த நோய்க்கானது என்று எழுதியிருக்கிறது. அவற்றில் ஒன்று முழங்கால் வலிக்கானது! அன்று இதற்குத் தாவோயின் என்று பெயர். ஹான் வம்சத்தின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த மருத்துவர் ஹுவா துவோ புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைக் கொண்டு ஒரு பயிற்சி வகுத்தார். உடல் உழைக்க வேண்டும், ஆனால் எல்லை மீறிக் களைக்கக் கூடாது என்று அவர் தம் மாணவரிடம் சொன்னதாகச் சீன வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. ஓயாமல் திரும்பும் கதவுக் கீல் உளுத்துப்போவதில்லை என்பது அவர் காட்டிய உவமை. சிகோங்கின் அடிப்படையை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

இந்த ஆண்டுக் கணக்கே போதிதர்மர் பற்றிய கேள்விக்கும் விடை தருகிறது. அவர் சீனா சென்றது கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டில். அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே அந்தப் பட்டு ஓவியம் மண்ணுக்குள் போய்விட்டது. அவர் பெயரில் வழங்கும் 'யி ஜின் ஜிங்' என்ற தசைநார்ப் பயிற்சி நூலுக்கு 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய சான்று கிடையாது. அதன் முன்னுரைகளில் காலப் பிழைகள் இருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. தியான மரபில் அவருக்குரிய இடம் மிகப் பெரியது. இந்தப் பயிற்சியையும் அவர் கணக்கில் சேர்ப்பது வரலாற்றுக்குப் பொருந்தவில்லை.

சிகோங் என்ற பொதுப்பெயர் பரவியது மிக அண்மையில்தான். வயிற்றுப் புண்ணால் வாடி, மூச்சுப் பயிற்சியால் தேறிய லியு குய்சென் என்ற அலுவலர் 1949 வாக்கில் பழைய முறைகளை இந்தப் பெயரின்கீழ் தொகுத்தார். 1950களில் பெய்தைஹ கடற்கரையில் இதற்கென்றே அரசு சிகிச்சை இல்லம் இயங்கியது. கலாசாரப் புரட்சியில் முடக்கப்பட்டு, 1980களில் நாடெங்கும் அலையாகப் பரவியபோது, கையிலிருந்து சக்தியைச் செலுத்தி நோய் தீர்ப்பதாகச் சொன்னவர்களும் புறப்பட்டார்கள். அவர்களுக்குச் சற்றும் இடம் கொடுக்காதீர்கள். தொடாமல் குணப்படுத்துவேன் என்று பணம் கேட்பவர் வகுப்பில் ஒரு நாள்கூட உட்கார வேண்டாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. 'பா துவான் ஜின்' என்ற எட்டு அசைவுத் தொகுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சோங் வம்சக் காலம் முதல் பேசப்படும் இதை, சீன விளையாட்டுத் துறை 2003இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. ஒரு முறை செய்து முடிக்கக் கால் மணி நேரம் போதும்.

சிகோங்கில் மூன்றைச் சீராக்க வேண்டும் என்பார்கள்: உடல், மூச்சு, மனம். இந்த வரிசை முக்கியம். வீடியோ பார்த்துப் பழகுபவர்கள் பெரும்பாலும் மூச்சில் தொடங்கித் தடுமாறுகிறார்கள். முதல் சில வாரங்களுக்கு மூச்சை மறந்துவிடுங்கள். தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து, பாதங்கள் முன்னோக்கி இருக்க, முழங்காலை இலேசாகத் தளர்த்துங்கள். அது கால் விரல் நுனியைத் தாண்டவோ உட்பக்கம் சாயவோ கூடாது. வீடியோவில் வருபவர் எவ்வளவு தாழ்ந்து நின்றாலும் நீங்கள் உயரமாகவே நில்லுங்கள். உச்சந்தலை மேலே இழுபடுவதுபோல் முதுகு நிமிரட்டும்; தோளும் தாடையும் தளரட்டும். இப்படி நிற்பதே ஒரு பயிற்சி. முதல் அசைவில் விரல்களைக் கோத்து, உள்ளங்கைகளை வானம் பார்க்கத் திருப்பித் தலைக்கு மேல் தள்ள வேண்டும். உச்சியில் சிலர் மூச்சை நிறுத்துவார்கள். உங்களுக்கு அது வேண்டாம். இதில் நம் பிராணாயாமத்தில் மூச்சை அடக்கும் கும்பகத்தையும் கலக்காதீர்கள்.

அசைவு பழகிய பின், கை உயரும்போது மூச்சு உள்ளே, தாழும்போது வெளியே என்று தானாகவே இணையும். மனம் கடைசி. தொப்புளுக்குச் சில விரல்கடை கீழே உள்ள 'தான்தியென்' என்ற இடத்தில் கவனத்தை மெல்ல வைத்தால் போதும். அங்கே சூடோ ஓட்டமோ தோன்றினால் பொருட்படுத்தாதீர்கள், தோன்றாவிட்டாலும் குறையில்லை. 'சி' எனும் உயிராற்றல் நாடிகளில் ஓடுகிறது என்பது சீன மருத்துவத்தின் விளக்கம். எந்தக் கருவியும் அதை அளந்து காட்டியதில்லை. அதை நம்பினால்தான் பயிற்சி பலன் தரும் என்றும் கிடையாது.

எட்டில் முதல் நான்கை மட்டும் முதல் மாதம் செய்யுங்கள். ஐந்தாவதில் காலை அகட்டித் தாழ்ந்து தலையைச் சுழற்ற வேண்டும். ஆறாவதில் முன்னால் குனிய வேண்டும். தலை இதயத்துக்குக் கீழே போகும் அசைவுகள் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. ஐந்தை விட்டுவிடுங்கள். ஆறில் இடுப்பளவுக்குக் குனிந்தால் போதும். ஏழாவதில் கை முஷ்டியை இறுக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. எட்டாவதில் குதிகாலை உயர்த்தித் தரையில் தட்டுவதற்குப் பதிலாக மெல்ல இறக்குங்கள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொள்வது நல்லது. முழங்கால் வலிக்கும் நாட்களில் உட்கார்ந்து செய்யுங்கள். உட்கார்ந்து செய்யும் பா துவான் ஜின் மரபிலேயே உண்டு.

தலைசுற்றல், நெஞ்சு இறுக்கம், மறுநாள் வரை நீடிக்கும் மூட்டு வலி ஆகியவை வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், மணிக்கணக்கில் மூச்சிலும் உட்காட்சியிலும் ஆழும் கடும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். அவற்றால் மனம் குலைந்தவர்களைப் பற்றிச் சீன மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

வீடியோவைத் தேர்ந்தெடுக்கும்போது, செய்பவரைப் பக்கவாட்டிலிருந்தும் காட்டுகிறதா என்று பாருங்கள். முழங்கால் எங்கே நிற்கிறது என்பது முன்னாலிருந்து தெரியாது. முடிந்தால் உங்கள் பயிற்சியையும் பக்கவாட்டிலிருந்து யாரையாவது படமெடுக்கச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.