இஸ்தான்புல்ல ஒரு பகல் - கடிதம்

அண்ணா வணக்கம். மேல்படிப்புக்கு ஜெர்மனி போற வழியில இஸ்தான்புல்ல ஒரு பகல் முழுக்க டிரான்சிட் கிடைச்சுது. விட்டா திரும்ப எப்ப வருவோம்னு ஒரு டூர் வேன்ல ஏறிட்டேன், மசூதி அரண்மனை பஜார் படகுன்னு ராத்திரி வரைக்கும் ஓட்டம், போன்ல முந்நூறு போட்டோ இருக்கு ஆனா என்ன பாத்தேன்னு வீட்ல கேட்டா சொல்ல வரல. லீவுக்கு ஊருக்கு வரும்போது மறுபடியும் ஒரு பகல் அங்கதான். இந்த தடவை என்ன பண்ணலாம்? மியூசியமும் போகணுமா?

---

தம்பி,

இந்த தடவை வேன் வேணாம். டிராம்ல வந்து சுல்தான் அகமதுல இறங்கி அந்த சதுக்கத்த விட்டு ரொம்ப தூரம் போகாதீங்க. ஒரு பகலுக்கு அதுவே மிச்சம்.

நீங்க வேன்லேர்ந்து இறங்கின அந்த நீள மைதானம்தான் பழைய ஹிப்போட்ரோம், தேர்ப்பந்தயம் நடந்த இடம். நடுவுல எகிப்து தூண் ஒண்ணு நிக்குதே, அது எகிப்து ராஜா மூணாம் துத்மோஸ் அந்த ஊர் கார்னாக் கோயில்ல வச்சது, வயசு மூவாயிரத்து நானூறுக்கு மேல, ரோமப் பேரரசர் தியோடோசியஸ் கி.பி. 390ல இங்க தூக்கி நிறுத்தினாரு. எல்லாரும் அண்ணாந்து உச்சிய போட்டோ எடுத்துட்டு போயிடறாங்க. நீங்க குனிஞ்சு அடிபீடத்துல செதுக்கினத பாருங்க, ரோம ராஜா குடும்பத்தோட உக்காந்து பந்தயம் பாக்கறாரு, ஜெயிச்சவனுக்கு குடுக்க கையில மாலை, கீழ வரிசை வரிசையா கூட்டம், ஆடறவங்க, வாத்தியக்காரங்க. அந்த கல்லுல இருக்கறது நீங்க நிக்கற அதே இடம். தூண நிறுத்த 30 நாள் ஆச்சுன்னு லத்தீன்ல ஒரு பக்கம் வெட்டியிருக்கு, 32 நாள்னு கிரேக்கத்துல இன்னொரு பக்கம். பீடம் ஏன் குழிக்குள்ள நிக்குதுன்னு யோசிச்சீங்கன்னா, குழி இல்ல அது, அன்னிக்கு தரை அங்கதான் இருந்துச்சு, மேல இருக்கறது எல்லாம் பிற்பாடு ஏறின மண்ணு.

பக்கத்துலயே தலை இல்லாத பாம்புத் தூண், வெண்கலம். கி.மு. 479ல பிளட்டேயாங்கற இடத்துல பாரசீகப் படைய ஜெயிச்ச கிரேக்க நகரங்க சேந்து அவங்க நாட்டு டெல்பி கோயிலுக்கு குடுத்த காணிக்கை, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் இங்க கொண்டாந்துட்டாரு. எனக்கு இந்த ஊர் மேல தீராத ஆசை வந்ததே இதனாலதான், ஒவ்வொரு கல்லும் வேற யாரோடதோ, எங்கேர்ந்தோ வந்தது. போனதும் உண்டு. இங்க நின்ன நாலு வெண்கலக் குதிரைச் சிலை 1204ல சிலுவைப்போர்க்காரங்க ஊர சூறையாடினப்போ வெனிஸுக்கு போயிடுச்சு, இன்னும் அங்கதான் இருக்கு.

532ல இதே மைதானத்துல தேர்ப்பந்தயத்துல நீலக் கட்சி பச்சைக் கட்சின்னு பிரிஞ்சிருந்த ரசிகர்கள் ஒண்ணா சேந்து ஜஸ்டினியன் பேரரசருக்கு எதிரா கிளம்பினாங்க. முப்பதாயிரம் பேர் செத்ததா அந்த காலத்து வரலாற்றாசிரியர் புரொகோபியஸ் எழுதறாரு. அந்த கலவரத்துல பெரிய தேவாலயம் எரிஞ்சு போச்சு, ரெண்டு மாசம்கூட ஆகல, அதே இடத்துல புதுசு கட்ட ஆரம்பிச்சு 537 டிசம்பர்ல திறந்துட்டாங்க, அதுதான் ஹாகியா சோபியா. கூரை 558ல இடிஞ்சு விழுந்து, முன்ன விட உசரமா மறுபடி கட்டினது இப்ப நீங்க பாக்கறது. துருக்கிக்காரங்க ஊர பிடிச்சதும் 1453ல மசூதி, 1935ல மியூசியம், 2020லேர்ந்து திரும்ப மசூதி. 2024லேர்ந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு 25 யூரோ டிக்கெட், மாடிக்கு மட்டும்தான் விடறாங்க. கோபப்படாதீங்க, மாடிலதான் விஷயமே இருக்கு. சின்னச் சின்ன துண்டா பதிச்சு செஞ்ச இயேசு படம், மொசைக் ஒண்ணு, பாதி உதிர்ந்து போனது, முகம் மட்டும் அப்படியே இருக்கு, அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நில்லுங்க. அதுக்கு எதிர்ல தரையில டாண்டோலோ பேர் வெட்டின கல்லு, அந்த 1204 சூறையாடல முன்ன நின்னு நடத்தின வெனிஸ்காரர், கண்ணு தெரியாத கிழவர், 1205ல செத்ததும் இந்த கட்டடத்துலயேதான் புதைச்சாங்க. கல்லு 19ஆம் நூற்றாண்டுல பதிச்சது. மாடிக் கைப்பிடி பளிங்குல ஹால்ப்டான்னு வட ஐரோப்பாவுலேர்ந்து வந்த ஒரு வைக்கிங் வீரன் அவன் பேர கீறி வச்சிருக்கான், ராஜாவோட காவல்படையில இருந்திருப்பான் போல, தேடிப் பாருங்க.

வெளிய வந்து ரோட்டத் தாண்டினா பூமிக்கு அடியில தண்ணித் தொட்டி, 336 தூண். அதுலயும் பாதிக்கு மேல பழைய கட்டடங்கள்லேர்ந்து எடுத்ததுதான், மூலையில கிரேக்கக் கதையில வர்ற பாம்புக் கூந்தல் மெடூசாவோட கல் தலை ஒண்ணு தலைகீழா, இன்னொண்ணு சாஞ்சு. மேல வீடு கட்டி இருந்த ஜனங்க தரையில ஓட்டை போட்டு வாளி விட்டு தண்ணி எடுத்தாங்களாம், மீன்கூட புடிச்சாங்களாம், 16ஆம் நூற்றாண்டுல வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதி வச்சிருக்காரு.

அவ்ளோதான். பஜார், படகு எதுவும் இந்த தடவை வேணாம். வெள்ளிக்கிழமையா அமைஞ்சா ஹாகியா சோபியாவ தொழுகை முடிஞ்சு மதியத்துக்கு மேல வச்சுக்கோங்க, காலைல தொட்டி.

மியூசியம் கேட்டீங்களே. நேரம் மிச்சம் இருந்தா தொல்பொருள் மியூசியத்துக்கு மட்டும் போங்க, நடக்கற தூரம்தான். அந்த பாம்புத் தூணோட தலை ஒண்ணு, மேல்தாடை மட்டும், 1848ல ஹாகியா சோபியா பக்கத்துல கிடைச்சது அங்க இருக்கு.