காரின் கூலன்டை வீட்டிலேயே அலசி மாற்ற முடியுமா? எப்படிச் செய்வது?

முடியும். இன்ஜினின் சூட்டைத் தணிக்கும் இந்தத் திரவத்தை எங்கள் வீட்டுக் கார்களுக்கு நான்தான் மாற்றுகிறேன். அகலமான ஒரு பேசின், இடுக்கி, புனல், கையுறை, அளவு குறித்த ஒரு ஜாடி, அப்புறம் காரோடு வந்த மேனுவல், இவ்வளவுதான் தேவை. வேலை செய்யும் நேரத்தைவிட இன்ஜின் ஆறுவதற்குக் காத்திருக்கும் நேரம் அதிகம்.

என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் அலசுவதைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்கோ திரும்ப நிரப்புவதில்தான் கவலை. கலவை விகிதம் தப்பினாலும் உள்ளே காற்று நின்றுவிட்டாலும் எவ்வளவு நன்றாக அலசியும் பயனில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வைக்காதீர்கள். அழுத்தத்தில் இருப்பதால்தான் உள்ளே இருக்கும் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் இறங்கி, அந்த நொடியே கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் தொடங்குவது நல்லது. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும், அதனால் அதன் பக்கம் கை போகும் வேலை இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

மூடியைத் திறந்ததும் உள்ளே பாருங்கள். எண்ணெய்ப் படலமோ, பால் கலந்த காப்பி நிறத்தில் குழைவோ தெரிந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்ஜினின் மேல் பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், இன்ஜின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரில் ஓட்டை இருக்கலாம். அதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

எந்த கூலன்ட் வாங்குவது என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பதற்கெல்லாம் பொதுவான விதி கிடையாது. மேனுவலில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். பழைய சிலிகேட் வகைகளைச் சுமார் 2 ஆண்டுகளில் மாற்றச் சொல்வார்கள், ஆர்கானிக் ஆசிட் வகைகள் பெரும்பாலும் 5 ஆண்டுகள் வரை வரும். கூலன்டின் அடிப்படைத் திரவமான கிளைக்கால் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. அதோடு சேர்த்திருக்கும் துருத்தடுப்பு ரசாயனங்கள்தான் தீர்ந்துபோகின்றன, அதனால் பார்வைக்குத் தெளிவாக இருக்கும் கூலன்டும் வேலை முடிந்ததாக இருக்கலாம். வேறு வேறு வகைகளைக் கலந்தால் ஆயுள் குறையும், சில சமயம் கூழாக உறைந்து அடைத்துவிடும்.

ரேடியேட்டரின் அடியில் டிரெயின் பிளக் இருந்தால் அதைத் திறங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக்கில்தான் இருக்கும், முரட்டுத்தனமாகத் திருகக் கூடாது. பிளக் இல்லாத காரில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸை, அதாவது ரப்பர் குழாயை, கழற்ற வேண்டும். பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். நேராக இழுக்காமல் மெதுவாகச் சுழற்றி விடுவியுங்கள், இழுத்தால் ரேடியேட்டரின் கழுத்து உடையும். வெளியே வந்தது எத்தனை லிட்டர் என்று அளந்து எழுதி வையுங்கள்.

அந்த பேசினை ஒரு நிமிடம்கூட அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயோ பூனையோ கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகலாம், குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். உடனே மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, பழைய இன்ஜின் ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் இதையும் எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். மண்ணிலோ சாக்கடையிலோ கொட்ட வேண்டாம்.

இனி அலசுவது. பிளக்கை மூடி, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓட விடுங்கள். சூடேறினால் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காதவரை தண்ணீர் ரேடியேட்டர் வழியாகச் சுற்றாது. பெரும்பாலான கார்களில் அது 80 முதல் 95 டிகிரிக்குள் திறக்கும், மேல் ஹோஸ் சட்டென்று சூடேறுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அப்புறம் இன்ஜினை நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, வடியுங்கள். வருகிற தண்ணீர் தெளியும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். அவசரப்பட்டு சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடக்கூடும். அலசுவதற்கென்று விற்கும் ரசாயனங்களை, துரு கண்ணுக்குத் தெரிந்தால் ஒழிய நான் தொடுவதில்லை.

இப்போது கணக்கு. உங்கள் காரின் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வடித்தால் 3.5 லிட்டர்தான் வருகிறது. மீதி 2.5 லிட்டர் இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கிவிடும், அலசிய பிறகு அது வெறும் தண்ணீர். இந்த நிலையில் பாதிக்குப் பாதி கலந்து விற்கும் கூலன்டை 3.5 லிட்டர் ஊற்றினால், அதில் கூலன்ட் 1.75 லிட்டர்தான். மொத்தத்தில் 29 சதவீதம்! துருத்தடுப்பும் போதாது, உறைநிலைப் பாதுகாப்பும் போதாது. சரியான வழி, தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட்டை முதலில் 3 லிட்டர் ஊற்றி, மீதி அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் விடுவது. அப்போது உள்ளே தங்கிய தண்ணீரோடு சேர்ந்து சரியாக 50 சதவீதம் ஆகும். அந்தக் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கான்சென்ட்ரேட் கிடைக்காவிட்டால் தண்ணீரில் அலசாமல், வடித்துவிட்டுக் கலந்த கூலன்டையே நிரப்புங்கள். கெட்டியாக இருந்தால் இன்னும் நல்லது என்று நினைத்து முழுக்க கான்சென்ட்ரேட்டாக ஊற்றுவதும் தப்பு. கிளைக்கால் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது, தண்ணீர் கலக்காதபோது உறைவதும் சீக்கிரம்தான். சந்தேகம் இருந்தால், கலவை விகிதத்தைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

குழாய்த் தண்ணீரைக் கடைசி நிரப்பலில் சேர்க்க வேண்டாம். அதிலுள்ள கால்சியம் படிவமாக ஒட்டும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும்.

அடுத்தது காற்று. ஊற்றும்போது மெதுவாக ஊற்றுங்கள். ரேடியேட்டர் வாய் மேலே இருக்கும்படி காரின் முன்பக்கத்தைச் சற்று ஏற்றி நிறுத்தினால் ஏர் லாக், அதாவது உள்ளே காற்று அடைத்துக்கொள்வது, குறையும். காற்று விடும் திருகு இருந்தால், குமிழி நின்று கூலன்ட் சீராக வரும்வரை திறந்து வையுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் நிறையக் காற்று வெளியேறிவிடும். மேனுவல் அனுமதித்தால் மூடி திறந்தபடியே குளிர்ந்த இன்ஜினை ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓட விடுங்கள், முகத்தை மட்டும் விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றி, பொங்கி வழிய ஆரம்பிக்கும் முன் மூடிவிட வேண்டும். ஃபேன் ஒரு முறை சுற்றி நின்று, ஹீட்டரில் நல்ல சூடான காற்றும் வந்தால் வேலை முடிந்தது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறுகிறது, ஹீட்டரிலோ குளிர்ந்த காற்று வருகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது. உடனே இன்ஜினை நிறுத்துங்கள். வாக்குவம் கருவியால்தான் நிரப்ப வேண்டும் என்று மேனுவலில் இருந்தால் வீட்டில் முயல வேண்டாம். ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்களையும் நான் பணிமனைக்கே விட்டுவிடுவேன்.

மறுநாள் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருப்பது சகஜம்தான். தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்ப் அடியில் காய்ந்த கறை இருக்கிறதா என்று தேடுங்கள். வெளியே எங்குமே ஈரம் இல்லாமல் மட்டம் குறைந்தால் ஒழுகலை அடைக்கும் மருந்து எதையும் ஊற்றாமல், மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.