கேள்வி – பதில்: தண்ணீருக்கு வரும் முஸ்டாங் குதிரைகள்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் வேலை பார்க்கிறான். ஜூன் மாதம் அங்கே போகிறோம். ஊருக்கு வெளியே வறண்ட நிலத்தில் காட்டுக் குதிரைகள் திரிகின்றனவாமே? ஒரு நாள்தான் கிடைக்கும். எப்போது போனால், எங்கே நின்றால் கண்ணில் படும்?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: நகரத்துக்குத் தென்மேற்கே, ஒனாக்கி மலையடிவாரத்தில் முஸ்டாங் எனப்படும் அந்தக் குதிரைகளின் கூட்டம் ஒன்று இருக்கிறது. பழைய போனி எக்ஸ்பிரஸ் தபால் பாதை அந்தப் பக்கமாகத்தான் போகிறது. ஒரு நாள் தாராளமாகப் போதும். ஆனால் குதிரையைத் தேடி அலையாதீர்கள், தண்ணீர் எங்கே என்று பாருங்கள். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் வேண்டும். பால் கொடுக்கும் பெண்குதிரைக்கு வெயில் நாளில் இன்னும் கூடுதலாக. பனி உருகித் தேங்கிய குட்டைகள் ஜூனில் ஒவ்வொன்றாக வற்றிவிடும். அதுவரை சிதறி மேய்ந்த குழுக்கள் மிச்சமிருக்கும் ஊற்றுகளுக்கும் தொட்டிகளுக்கும் வந்தே ஆகவேண்டும்.

சூரியன் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும். அதற்குள் இடத்தில் இருங்கள். பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும்பும். எவ்வளவு விலையுயர்ந்த தொலைநோக்கியிலும் குதிரை நெளிந்துதான் தெரியும். அப்போது கருவியை மாற்றிப் பயனில்லை, மாலை ஐந்து மணி வரை ஓய்வெடுங்கள். சூரியன் மறைய ஒன்பது மணியாகும். கையில் பிடித்துப் பார்க்க 8x42 தொலைநோக்கி (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) போதும். 10x42 எடுத்தால் முழங்கையை ஊன்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும்.

குறைந்தது 100 அடி தள்ளி நிற்க வேண்டும். எண்ணூர் சாலையில் வரிசைகட்டி நிற்கும் 40 அடி கன்டெய்னர்களில் இரண்டரையை நீளவாக்கில் வைத்தால் அந்தத் தூரம் வரும். இங்கேயே ஒருமுறை நடந்து பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள், வெட்டவெளியில் தூரம் ஏமாற்றும். நீர்நிலையிலோ இதைப்போல மூன்று மடங்கு தள்ளியிருங்கள். அவை நடந்து நடந்து தேய்ந்த தடத்தின் மேல் நின்றுவிட்டால், வந்த குழு தாகத்தோடு திரும்பிப் போகும். புதர் மறைவில் பதுங்கிப் பதுங்கி நெருங்குவது பெரிய தவறு. வேட்டை மிருகம் அப்படித்தான் வரும். வெளிப்படையாக, ஒரே இடத்தில், உட்கார்ந்திருங்கள். மேய்வதை நிறுத்தி, தலையை உயர்த்தி, இரு காதையும் உங்கள் பக்கம் திருப்பினால் அது தாங்கும் எல்லையை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள்.

வண்டி விஷயம்: கூரான சரளைக்கல் டயரைக் கிழிக்கும். ஸ்டெப்னி முழு அளவில் இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். காய்ந்த புல்மேல் நிறுத்தக் கூடாது, சூடான சைலன்சர் பட்டுத் தீப்பிடிக்கும். மழை இருட்டினால் உடனே கிளம்புங்கள். களிமண் சாலை நனைந்தால் சக்கரம் நகராது. பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது. தலைக்கு 4 லிட்டர் தண்ணீர் வையுங்கள். நம் கத்திரி வெயிலில் சட்டை நனைவதே எச்சரிக்கை. அங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் உடம்பு வற்றுவது தெரியாது. தலைவலி வந்த பிறகு குடிப்பது தாமதம்.

கேள்வி: குழுவில் தலைவன் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும்?
– கல்லூரி மாணவர், ராயபுரம்

பதில்: முன்னால் நடப்பதைத் தலைவன் என்று நினைத்துவிடுகிறோம். குழு நடக்கும்போது முன்னே போவது பெரும்பாலும் வயதான ஒரு பெண்குதிரை. ஆண்குதிரை கடைசியிலோ பக்கவாட்டிலோ வரும். அது கழுத்தைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்தி, காதைப் பின்னுக்கு மடக்கி, பாம்புபோல் தலையை அசைத்து மற்றவற்றை ஓட்டும். அந்த ஒரு அசைவு போதும், அடையாளம் தெரிந்துவிடும். லத்திக் குவியலையும் பாருங்கள். ஆண்குதிரைகள் ஒரே இடத்தில் மாறிமாறி மோந்து, மேலே மேலே இட்டு வைக்கும்.

ஜூனில் சண்டை அதிகம். குட்டி ஈன்ற ஒன்றரை வாரத்துக்குள்ளேயே பெண்குதிரை மறுபடி சினைக்கு வரும். குட்டிகள் பெரும்பாலும் வசந்தத்தில் பிறப்பதால் இளம் ஆண்கள் தனிக்குழுவாகச் சுற்றிச்சுற்றி வரும். குழுவோடு பெண்ணோ குட்டியோ இல்லாமல் ஆண்களே நின்றால் அது அந்த வகை.

எழுத வேண்டியவை: நேரம், இடம், காற்றின் திசை, எண்ணிக்கை. எண்ணிக்கையை மொத்தமாகப் போடாதீர்கள். ‘பெரியவை 5, போன ஆண்டுக் குட்டி 1, இந்த ஆண்டுக் குட்டி 2’ என்று பிரியுங்கள். நெற்றிச் சுட்டியின் வடிவம், எந்தக் காலில் வெள்ளை எவ்வளவு உயரம், பிடரி எந்தப் பக்கம் விழுகிறது – இவற்றைப் படமாக வரையுங்கள். நிறத்தை மட்டும் நம்பினால் தப்பு வரும்: அந்த மாதத்தில் குளிர்கால ரோமம் உதிர்ந்து சாயல் மாறும், சாம்பல் குதிரை வயதாக ஆக வெளுக்கும்.

கேள்வி: குட்டி ஒன்று அசையாமல் படுத்துக் கிடந்தாலோ, எலும்பு தெரியும் குதிரையைப் பார்த்தாலோ ஏதாவது கொடுக்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: கொடுக்கவே கூடாது. பழக்கமில்லாத தீனி குதிரையின் குடலில் வாயுவும் அடைப்பும் உண்டாக்கும். வாந்தியெடுத்துத் தப்பிக்க அதனால் முடியாது. கை நீட்டுபவரைத் தேடிச் சாலைக்கு வரப் பழகிய குதிரை வண்டியில் அடிபட்டுச் சாகும். இளங்குட்டி பக்கவாட்டில் நீட்டிப் படுத்து அயர்ந்து தூங்குவது இயல்பு. தாய் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரம் ஆகியும் எந்தப் பெரிய குதிரையும் அண்டாவிட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நிலத்தை நிர்வகிக்கும் அரசு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தொடாதீர்கள். ஒனாக்கி போன்ற அரசு நிலங்களில் 1971 சட்டம் இந்தக் குதிரைகளைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது. பால் கொடுப்பவளுக்கு விலா எலும்பு லேசாகத் தெரிவது சாதாரணம். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தி நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: இவை உண்மையிலேயே காட்டு விலங்குகளா? நம் பக்கம் உண்டா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: மனிதர் கொண்டுபோன குதிரைகளின் வழித்தோன்றல்கள். குதிரை இனம் வட அமெரிக்காவில்தான் தோன்றியது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே அழிந்தது. பிறகு 1519-இல் கோர்ட்டெஸ் மெக்சிகோவில் குதிரைகளை இறக்கினார். அவரைப் போன்ற ஸ்பானியரிடமிருந்தும் பின்னால் குடியேறியவர்களிடமிருந்தும் தப்பியவை பெருகின. நம் மாநிலத்தில் கோடியக்கரையில் மட்டக்குதிரைகள் இதே மாதிரி, யாருக்கும் கட்டுப்படாமல், வெளிமான்களோடு மேய்கின்றன. அமெரிக்கா போகுமுன் அங்கே ஒரு விடியற்காலை உட்கார்ந்து, சுட்டியும் பிடரியும் பார்த்து ஒரு குழுவைப் பிரித்து எழுதிப் பழகலாம்.