பதில்: பள்ளி நூற்றாண்டு விழாவைக் கோயில் கொடையோடு சேர்த்து வைக்கலாமா?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் உங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியின் நூற்றாண்டு விழாவைக் கோயில் திருவிழாவான கொடையன்றே வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சென்னை, மும்பையில் இருப்பவர்கள் கொடைக்கு வருவார்கள் என்பது சரிதான். ஆனால் கொடை, கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்பங்களின் விழா. பள்ளிக்கூடம் எல்லாத் தெருவுக்கும் சொந்தம். மே விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி வளாகத்திலேயே வையுங்கள்.

முதல் வேலை, சேர்க்கைப் பதிவேடு. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, பழைய பக்கங்களை ஜன்னல் வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுங்கள். தாள் தொட்டாலே பொடியும், மெதுவாகப் புரட்டுங்கள்; லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். அப்புறம், அந்தப் பக்கத்தை அப்படியே சுவரில் ஒட்டவும் கூடாது. பழைய பதிவேடுகளில் சாதியும் எழுதியிருக்கும். பெயரையும் சேர்ந்த ஆண்டையும் மட்டும் பெரிய எழுத்தில் எழுதி வராண்டாவில் தொங்கவிடுங்கள். தாத்தா பெயரை, ஆச்சி பெயரைப் பேரப்பிள்ளைகள் விரல் வைத்துத் தேடுவார்கள். மேடைப் பேச்சைவிட அங்கேதான் கூட்டம் நிற்கும்.

நன்கொடைக்கு 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது, தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டுக்குச் சொதி வையுங்கள். எல்லோருக்கும் ஒரே பந்தி, அதில் முதலில் பிள்ளைகள் உட்காரட்டும்.