தெனேரில் ‘துபி’ எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஷூ ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன், டீச்சர். லெதர் கையில் இருந்தால் இன்றே சாம்பிள் அனுப்பிவிடுவேன் என்று ஸ்பெயின் பார்ட்டிக்குச் சொல்ல, ‘சி தென்த்ரியா எல் குவேரோ’ என்று மெயில் போட்டேன். அவர் ‘சி துபியெரா’ என்று திருத்தி அனுப்பினார். தெனேர் (வைத்திருக்க) என்ற வினையில் இந்தத் ‘துபி’ எங்கிருந்து வந்தது? ‘துபியெரா’ போன்ற வடிவங்கள் வரும் இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்தே ஆகவேண்டுமா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: அட்டவணையை மூடி வையுங்கள் தம்பி. இதே வேலையைத் தமிழில் தினமும் செய்கிறீர்கள். ‘வா’வோடு நேராக ‘ஆல்’ சேர்ப்பதில்லை. ‘வந்தான்’ என்பதில் உள்ள ‘வந்த்’ எடுத்து ‘வந்தால்’ என்கிறோம். நில், நின்றான், நின்றால். நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லவும் இறந்தகால அடிதான் வருகிறது.

ஸ்பானிஷில் ‘சி’ (நம் ‘ஆல்’) பின்னால் வரும் இந்த வடிவமும் இறந்தகாலத்திலிருந்துதான் பிறக்கிறது. ‘அவர்கள் வைத்திருந்தார்கள்’ என்பது துபியெரோன். கடைசி ‘ரோன்’ கழற்றி ‘ரா’ மாட்டுங்கள்: துபியெரா. அசேர் என்றால் செய்ய, இத்தியெரோன், இத்தியெரா. தெத்தீர் என்றால் சொல்ல, திஹெரோன், திஹெரா. (‘திஹியெரா’ என்று பலர் எழுதுகிறார்கள், அந்த ‘யெ’ வேண்டாம்.) இருக்க என்ற செர், போக என்ற ஈர் இரண்டுக்கும் ஒரே ஃபுவெரோன், ஆகவே ஒரே ஃபுவெரா. இந்த விதிக்கு விலக்கே கிடையாது. ஒழுங்கற்ற வினைகளின் இறந்தகாலத்தில் ‘அவர்கள்’ வடிவத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போதும்.

தென்த்ரியாவின் இடம் வாக்கியத்தின் அடுத்த பாதி. ‘சி துபியெரா எல் குவேரோ, என்பியாரியா லா முவெஸ்த்ரா ஓய்.’ என்பியாரியா (அனுப்புவேன்) இருக்கிறதே, அந்தப் பக்கம்தான் ‘ரியா’ வரும். பாஸ்க் பக்கம் பேச்சில் ‘சி தென்த்ரியா’ கேட்கலாம், எழுத்தில் ஏற்கமாட்டார்கள்.

தமிழ் நமக்குக் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு, அதில்தான் நீங்கள் அதிகம் கவனமாக இருக்கவேண்டும். ‘இருந்தால்’ என்று நாம் சொல்லும்போது, இருக்கலாம் என்கிறோமா, இப்போது இல்லையே என்கிறோமா என்று அந்தச் சொல்லை வைத்துத் தெரியாது. ஸ்பானிஷில் அதை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். மழைக்காலத்தில் பாலாற்றைப் பற்றிப் பேசினால் ‘சி எல் பாலாறு தியேனே ஆகுவா’: தண்ணீர் வரவும் கூடும். மணல் மட்டுமே தெரியும் சித்திரையில் ‘சி எல் பாலாறு துபியெரா ஆகுவா, எல் போத்தோ நோ எஸ்தாரியா செக்கோ’: ஆற்றில் தண்ணீர் இருந்தால் கிணறு வற்றியிருக்காது. உங்கள் தொழிலில் இது பணத்தைத் தொடும் விஷயம். ‘சி தெங்கோ எல் குவேரோ’ என்று எழுதினால் லெதர் வந்துவிடும் என்று அவர் காத்திருப்பார். ‘சி துபியெரா’ என்றால் கையில் இல்லை என்று அப்போதே புரிந்துகொள்வார்.

‘சி தெனீயா’வையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது உண்மையில் நடந்துகொண்டிருந்த பழக்கத்துக்கு. ஆற்காட்டில் வேலை பார்த்த நாளில், நேரம் கிடைத்தால் மக்கன் பேடா வாங்கப் போவேன் என்பது போல.

இன்னொரு வாக்கியம் உங்கள் மேசையில் அடிக்கடி தேவைப்படும்: ‘எல் கிளியெந்தே பிதியோ கே இத்தியெராமோஸ் ஓத்ரா முவெஸ்த்ரா’, இன்னொரு சாம்பிள் செய்யும்படி வாடிக்கையாளர் கேட்டார். கேட்டது நேற்று என்பதால் ‘செய்யும்படி’யும் இந்த வடிவத்துக்கு வந்துவிடுகிறது. விலை கேட்கும்போது ‘கியெரோ’ (எனக்கு வேண்டும்) என்று தொடங்குவது கொஞ்சம் கறாராக ஒலிக்கும். ‘கிசியெரா சபேர் எல் ப்ரெத்தியோ’ (விலையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்) என்று எழுதுங்கள், அதுவும் இதே குடும்பம்தான்.

ஸ்பெயின் பார்ட்டி சில சமயம் துபியெராவுக்குப் பதில் ‘துபியெசே’ என்று எழுதினால் பயப்பட வேண்டாம். பொருள் ஒன்றே, நீங்கள் ‘ரா’விலேயே நில்லுங்கள். ‘நாங்கள்’ வடிவத்தில் மட்டும், துபியெராமோஸ், இத்தியெராமோஸ் இரண்டிலும் ‘எ’ ஒலிக்கும் எழுத்தின் மேல் சாய்கோடு போடவேண்டும். மெயிலில் அதை விட்டுவிடாதீர்கள்.